பாசல் எல்லையில் முத்திரை வாங்காமல் போன வேன் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: லண்டன் – சூரிச் சரக்குப் பயணம், சுங்கக் கட்டணத்தைத் திருப்பித் தருவது

ஐயா/அம்மையீர்,

எங்கள் ஒலி, ஒளிக் கருவிகளை உங்கள் வேனில் சூரிச்சுக்கு அனுப்பியிருந்தோம். ஸ்பீக்கர் முதல் கேபிள் பெட்டி வரை எல்லாமே வாடகைச் சாமான். நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பி வரவேண்டியவை. அதனால்தான் வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்வர ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் எடுத்தோம். ஒவ்வொரு எல்லையிலும் அதன் வண்ணத் தாள்களில் முத்திரை வாங்க வேண்டும். உங்கள் பில்லில் 'சுங்க வேலைகள்' என்று தனியாக ஒரு தொகை போட்டு வாங்கியிருக்கிறீர்கள். அந்த வேலைதான் நடக்கவில்லை.

போகும்போது இங்கிலாந்தின் செவிங்டன் சுங்க மையத்தில், சரக்கு நாட்டைவிட்டு வெளியேறுவதைப் பதியும் மஞ்சள் தாளில் முத்திரை விழுந்தது. பிரான்ஸின் கலே துறைமுகத்தில் நீலத்தாளின் மேல்பாதியிலும் விழுந்தது. சரக்கு ஐரோப்பிய ஒன்றியத்தைக் கடந்து போகப்போகிறது என்பதற்கான பதிவு அது. பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் சந்திக்கும் பாசல் எல்லையில் பிரெஞ்சு சுங்கத்திடம் அதே தாளின் கீழ்ப்பாதியில் முத்திரை வாங்கிக் கணக்கை முடித்திருக்க வேண்டும். அப்புறம் சுவிஸ் சுங்கத்திடம் வெள்ளைத்தாளில் வரவைப் பதிந்திருக்க வேண்டும். உங்கள் ஓட்டுநர் இரண்டுக்குமே நிற்கவில்லை. ராத்திரி நேரம், கார்களோடு காராக ஓட்டிப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. "சுவிஸ் ஷெங்கனில்தான் இருக்கிறது, நிற்க வேண்டாம்" என்று உங்கள் அலுவலகம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அவரே எனக்குக் காட்டினார்.

ஷெங்கன் என்பது பாஸ்போர்ட் சோதனை இல்லாமல் எல்லை கடக்கும் ஏற்பாடு; அது ஆட்களுக்கானது, சரக்குக்கானது அல்ல. 2008 முதல் சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, சரி. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க ஒன்றியத்தில் அது சேரவே இல்லை. நார்வேயும் அப்படித்தான். 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டனும் வெளியேதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டை யாரும் கேட்காத எல்லையிலும் சரக்குக்குச் சுங்க அலுவலகம் உண்டு, அதற்கு வேலை நேரமும் உண்டு. அந்த நேரத்துக்குப் போய்ச் சேரும்படி பயணத்தைத் திட்டமிடத்தானே உங்களுக்குக் காசு கொடுத்தோம்?

திரும்பும்போது சுவிஸ் அதிகாரிகள் வேனை நிறுத்தினார்கள். கார்னெட்டில் உள்ள பொருள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒலி மிக்சரின் பின்பக்கம் டார்ச் அடித்து, சீரியல் எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறார்கள். எண்கள் எல்லாம் சரி. சாமான் நாட்டுக்குள் வந்ததற்கான முத்திரை மட்டும் இல்லை. அபராதம் கட்டும் வரை வேன் நகரவில்லை. நான்தான் போனிலேயே கார்டு எண்ணைச் சொல்லிக் கட்டினேன். அதற்குள் மறுநாள் நிகழ்ச்சிக்கு வேறிடத்தில் கருவிகளை வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று.

இதை நீங்கள் "சிறிய தாமதம்" என்று எழுதி, அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறீர்கள். தாமதம் எனக்குப் பெரிய கவலை இல்லை. நீலத்தாளின் கீழ்ப்பாதி வெறுமையாக இருக்கிறதே, அதுதான் கவலை. பிரெஞ்சு சுங்கத்தின் கணக்கில் எங்கள் கருவிகள் இன்னும் ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கின்றன. கார்னெட் காலாவதியான பிறகும் ஓராண்டு வரை அவர்கள் இறக்குமதி வரியோடு 10 சதவீதம் சேர்த்துக் கேட்கலாம். கேட்டால், சரக்கு வெளியேறியதற்கு 6 மாதத்துக்குள் ஆதாரம் காட்ட வேண்டும். கைவசம் இருக்கும் நல்ல ஆதாரம் அந்த அபராத ரசீதுதான்! கருவிகள் சுவிட்சர்லாந்தில் இருந்தன என்று ஓர் அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது.

சுங்க வேலைக்கு வாங்கிய தொகையையும், நான் கட்டிய அபராதத்தையும், மாற்றுக் கருவிகளின் வாடகையையும் திருப்பித் தாருங்கள். வேனின் ஜிபிஎஸ் பதிவையும் சுவிட்சர்லாந்தில் டீசல் போட்ட ரசீதையும் அழித்துவிடாமல் எனக்கு நகல் அனுப்புங்கள். பிரெஞ்சு சுங்கம் பணம் கேட்டால் அதை நீங்களே ஏற்பதாக நிறுவனத்தின் கடிதத்தாளில் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். கூப்பன் வேண்டாம்.

போனில் பேசித் தீர்க்கலாம் என்று உங்கள் ஊழியர் சொன்னார். இதற்கு எழுத்தில்தான் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கார்னெட்டில் கையெழுத்திட்ட உரிமையாளர்

இணைப்பு: கார்னெட் தாள்களின் நகல், அபராத ரசீது, வாட்ஸ்அப் செய்தியின் படம்