தண்ணீர் தெளித்த கொழுந்து

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீ அனுப்பிய தைலம் முடிந்துவிட்டது, இந்தத் தடவை ரெண்டு போத்தலாக அனுப்பு. கொழும்புக்குப் போய் தீபாவளிக்கும் வராமல் இருக்கிறாயே, அதற்குத் தனியாகச் சண்டை இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்திருக்கிறது.

நம்ம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக் கதை உனக்குத் தெரிந்ததுதான். சாக்குக்கென்று ஒவ்வொரு நிறுவைக்கும் ரெண்டு கிலோ கழிக்கிறார்கள். வெறும் சாக்கு ஒரு கிலோகூட வராது. காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவையில் ஆறு கிலோ போய்விடுகிறது. 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வந்த கையோடு, ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழுநாள் சம்பளத்துக்கு, 18 கிலோ என்று இங்கே ஏற்றிவிட்டார்கள். அப்படியென்றால் 24 கிலோ பறித்தால்தான் 18. ஒன்று குறைந்தாலும் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான்.

போன மாதம் மேட்டு லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் ஒரு வேலை செய்தார்கள். தண்ணீர்ப் பீலியடியில் சாக்கை அவிழ்த்து, அடிக்கொழுந்தில் நன்றாகத் தண்ணீர் தெளித்து, மேலே காய்ந்த கொழுந்தைப் பரப்பிக் கட்டினார்கள். "அவன் களவெடுத்ததைத்தானே திருப்பி எடுக்கிறோம்" என்றாள், ரேடியோ என்று நாம் கூப்பிடுகிறவரின் மகள். அப்பன் வாய் அப்படியே! முள்ளை முள்ளால்தான் எடுக்கணும் என்று பெரியவர்களும் தலையாட்டினார்கள்.

அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வயிறு எரிந்துதான் செய்தார்கள். ஆனால் நடந்ததைக் கேள். நாலைந்து நாளில் நிறுக்கிறவர் ஒரு சாக்கின் அடியில் கையை விட்டார், முழங்கைவரை நனைந்து வந்தது. மறுநாளிலிருந்து ஈரக் கழிவு என்று எல்லோருக்கும் இன்னும் ஒரு கிலோ. மழைநாளில் ஈரத்துக்குக் கழித்தால் யாரும் வாய் திறக்கமாட்டோம். ஈரக் கொழுந்து தேயிலை ஆலை ஸ்டோரில் ஒழுங்காக வாடாது, தூள் கெட்டுப்போகும் என்று நமக்கும் தெரியும். சுள்ளென்று வெயில் அடிக்கிற நாளில் கழிக்கத்தான் இவ்வளவு நாளும் அவர்களிடம் சாட்டு இல்லாமல் இருந்தது. இப்போது கிடைத்துவிட்டது.

கீழே பணிய லயத்துப் பெரியம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவர். அன்றைக்கு அவருக்கு 17 என்று எழுதி அரைப்பேர் போட்டார்கள். கணக்குத் துண்டை என்னிடம் நீட்டி, "தம்பி, இது ஏழா, ஒன்பதா, பார்த்துச் சொல்லு" என்றார். விரல் இடுக்கெல்லாம் கொழுந்துக் கறை. ஏழு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, மச்சான்.

1983 கலவரத்தை நினைத்துப் பார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகள் தாக்கி 13 சிப்பாய்கள் செத்தார்கள். அதற்குப் பழி என்று பதுளையிலும் நுவரெலியாவிலும் தமிழ்க் கடைகளைக் கொளுத்தினார்கள். யாழ்ப்பாணத்தைக் கண்ணால் காணாத சனம் உடுத்திய உடுப்போடு ஓடியது. தண்ணீர் தெளித்ததும் அதுவும் ஒன்றல்ல, உயிரும் கிலோவும் ஒன்றாகுமா? ஆனால் ரெண்டு இடத்திலும் அடி விழுந்தது சம்பந்தமில்லாதவர் முதுகில். அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

அப்போ பொறுத்துக்கொண்டே கிடக்கணுமா என்று நீ பாய்வாய். ஒருபோதும் இல்லை. கொழுந்தைக் கொடுக்காமல் மடுவத்து வாசலில் உட்காரலாம், அது நியாயம். பட்டப்பகலில், எல்லோர் கண்ணுக்கு முன்னால், நம் பெயரிலேயே செய்கிற காரியம். ஒளித்துத் தண்ணீர் ஊற்றுவது அந்த நியாயத்தையே தின்றுவிடுகிறது. இதைச் சொன்னதும் ரேடியோவின் மகள் ஒரு மணி நேரம் என்னோடு வாதாடினாள். கடைசியில், "சரி மாமா, அப்போ முதலில் வெறும் சாக்கை நிறுக்கச் சொல்வோம்" என்றாள். அடுத்த திங்கட்கிழமை காலை நிறுவைக்கு அதைத்தான் செய்யப்போகிறோம். மாதர் சங்கத் தலைவியும் வருகிறார்.

உன்னால் ஒரு உதவி ஆகணும். தராசுக்கு வருடா வருடம் அரசாங்க முத்திரை குத்தணுமே, இந்தத் தராசில் அது அழிந்து கிடக்கிறது. யாருக்கு எழுதணும், தமிழில் எழுதினால் எடுப்பார்களா என்று விசாரித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் கோல் எடு. ராத்திரி எட்டு மணிக்குப் பிறகு எடு, அப்போதுதான் மேட்டில் சிக்னல் கிடைக்கும்.

உன் மச்சான்