எம்விபி திரையை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தில் அணியாக ஆடும் விளையாட்டுகளை உருவாக்குகிறவர்களுக்கு,

வணக்கம். ஆட்டம் முடிந்ததும் நீங்கள் காட்டும் அந்தத் திரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஐந்து பேர் சேர்ந்து ஆடியிருப்போம். ஒருவர் மட்டும் முன்னால் வந்து நிற்பார், பெயருக்கு மேலே எம்விபி, அதாவது ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர், என்று மின்னும். மற்ற நால்வரும் பின்னால், கொஞ்சம் சிறிதாக. சில நொடிகளில் போய்விடும் காட்சி அது. ஆனால் அந்தச் சில நொடிகளுக்காக அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் ஆட்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதை நீங்கள் தரவுகளில் பார்ப்பீர்கள். நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். நான் பெரும்பாலும் சப்போர்ட், அதாவது கூட்டாளிகளுக்குத் துணை நிற்கும் இடத்தில், ஆடுகிறவன் என்பதால் எல்லோருடைய முதுகையும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

சிறந்த ஆட்டக்காரரைப் பாராட்டவே கூடாது என்று கேட்க வரவில்லை. போட்டி என்றாலே கெடுதல், எல்லோருக்கும் ஒரே பதக்கம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. தனியாகத் தெரியமாட்டோம் என்று ஆகிவிட்டால் மனிதன் சோம்பிவிடுவான். பிரெஞ்சுக்காரரான மாக்ஸ் ரிங்கல்மன் கயிறு இழுக்க வைத்துச் செய்த சோதனைகளை 1913-ல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்தது. பிறகு 1979-ல் அமெரிக்க உளவியலாளர்கள் கைதட்டலையும் கூச்சலையும் வைத்து அதையே சோதித்தார்கள்; கூட்டத்தில் சத்தம் தலைக்குக் குறைந்தது. 1981-ல் இன்னொரு சோதனையில், உன் சத்தம் எவ்வளவு என்பது தனியாகத் தெரியும் என்று சொன்னவுடன் அந்தச் சோம்பல் மறைந்தது. ஆக, செய்கிறவனின் உழைப்பு தெரிய வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை.

என் மறுப்பு, நீங்கள் எதை எண்ணுகிறீர்கள், எந்த நேரத்தில் காட்டுகிறீர்கள், அதோடு எதை முடிச்சுப் போடுகிறீர்கள் என்பதில்தான்.

முதலில் எண்ணுவது. கார்களை வைத்துக் கால்பந்து ஆடும் ராக்கெட் லீக்கில் கோல் போட்டால் 100 புள்ளி, கோலுக்கு உதவினால் (அசிஸ்ட்) 50, கோலைத் தடுத்தால் (சேவ்) 50. வென்ற அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் எம்விபி. இரண்டு பேர் முன்னால் பாயும்போது, சரி நான் பின்னால் நிற்கிறேன் என்று கோல் பக்கம் திரும்பிப் போகிறாரே மூன்றாமவர், அவர் நிற்பதைப் பார்த்தே எதிரணி அடிக்காமல் விட்டால் அவருக்கு எத்தனை புள்ளி? பூஜ்யம். நடக்காமல் தடுத்ததை எண்ண உங்களிடம் வழியில்லை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டான வாலரன்ட்டில் எம்விபியைத் தீர்மானிக்கும் காம்பாட் ஸ்கோர் என்ற சண்டைப் புள்ளியில் எதிரணியின் ஐவரும் உயிரோடு இருக்கும்போது எடுக்கும் கில்லுக்கு (எதிரியை வீழ்த்துவதற்கு) 150, கடைசி ஆளை வீழ்த்தினால் 70. முதல் கில் அணிக்கு வழி திறக்கிறது என்ற கணக்கு அதன் பின்னால் இருக்கிறது, நியாயம்தான். ஆனால் சரியான நேரத்தில் புகை போட்டு ஒரு வாசலையே அடைத்தவர் அந்தப் பட்டியலில் கீழேதான் கிடப்பார்.

இதையெல்லாம் வெறும் அநியாயம் என்று சொல்லிப் புலம்புவதற்காக எழுதவில்லை. எது எண்ணப்படுகிறதோ அதையே ஆட்கள் ஆடத் தொடங்குகிறார்கள் என்பதுதான் விஷயம். கூட்டாளி அடிபட்டு விழுந்து (நாக் ஆகி) கிடப்பார். அவரை எழுப்பிவிடாமல் (ரிவைவ் செய்யாமல்) இன்னொரு கில்லுக்கு ஓடுவார்கள். நண்பனை முதலில் உள்ளே அனுப்பி, அவன் சாகும்வரை காத்திருந்து, அவனைக் கொன்றவனைச் சுடுவார்கள். கில் இவருக்கு, சாவு அவனுக்கு. ஹீலர் குணப்படுத்துவதை விட்டுவிட்டுச் சுடப் போவார். அடி தாங்குவதற்கென்றே இருக்கும் எதிரணி டேங்க் ஆட்டக்காரர் மீது, சாகமாட்டான் என்று தெரிந்தும், டேமேஜ் (எவ்வளவு அடித்தோம் என்ற) எண்ணிக்கைக்காகக் குண்டுகளைக் கொட்டுவார்கள். ‘என் கில்லை ஏன் எடுத்தாய்’ என்ற சண்டை ஒரே அணிக்குள் நடக்கும். விழுந்தவன் எதிரி, விழ வைத்தது நம் அணி, பிறகு என்ன சண்டை? ஆனால் நடக்கிறது, தினமும்.

ஓவர்வாட்ச் என்ற அணிச் சண்டை விளையாட்டின் கதை இதற்கு நல்ல பாடம். 2016-ல் வந்தபோது அதில் முழு ஸ்கோர்போர்டு கிடையாது. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கங்கள். உங்கள் பதக்கம் உங்களுக்கு மட்டுமே தெரியும். கடைசி இடத்தில் இருப்பவரை மற்றவர்கள் சுட்டிக்காட்ட முடியாது. கேட்க எவ்வளவு நல்ல யோசனை! என்ன ஆயிற்று? தோற்கும் ஆட்டத்தில் ஒருவர் சாட்டில் எழுதுவார்: ‘கில்லில் தங்கம் என்னிடம், மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?’ அவர் தங்கம் வைத்திருப்பது அணி மொத்தமாகவே குறைவாகக் கொன்றதால் இருக்கலாம். அவர் டேமேஜ் ஆடுபவர், மற்றவர்கள் ஹீலர்கள் என்பதால் இருக்கலாம். பதக்கத்துக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. காயப்படுத்தாமல் இருக்க மறைத்து வைத்த எண், கையில் தடியாகிவிட்டது. 2022-ல் ஓவர்வாட்ச் 2 வந்தபோது பதக்கங்கள் போய் ஸ்கோர்போர்டு வந்தது. அது வேறு வகைத் தடி என்பார்கள் பலர், இருக்கட்டும்.

அதே விளையாட்டில் இன்னொன்றும் நடந்தது. முதலில், வென்றால் எவ்வளவு ரேட்டிங் (ஆட்டத்திறன் புள்ளி) ஏறும், தோற்றால் எவ்வளவு இறங்கும் என்பதில் தனி ஆளின் ஆட்டமும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. 2018 தொடக்கத்தில், எட்டாவது சீசனில், டயமண்ட் என்ற உயர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கையே எடுத்துவிட்டார்கள். அவர்கள் எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் வெல்வதைப் பற்றி மட்டும் யோசிக்கட்டும் என்பது காரணம். கவனியுங்கள், மேலே இருப்பவர்களுக்குத்தான் முதலில் எடுத்தார்கள். நன்றாக ஆடத் தெரிந்தவர்கள்தான் எண்ணை எப்படி ஏற்றுவது என்பதையும் நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள்.

அப்புறம், நேரம். தோற்ற கையோடு, கோபம் ஆறாத அந்த நிமிடத்தில், யார் எத்தனை முறை செத்தார் என்ற பட்டியலை விரித்து, கீழேயே சாட் பெட்டியையும் திறந்து வைக்கிறீர்கள். மொபைல் லெஜண்ட்ஸ் போன்றவற்றில் தோற்ற அணிக்கும் ஒரு எம்விபி உண்டு. ஆறுதலுக்காக வைத்தது என்று புரிகிறது. தோற்றும் நன்றாக ஆடியவருக்கு ஒரு சொல் வேண்டும்தான். ஆனால் அந்தப் பட்டத்தை வாங்கியவர் அதை எப்படிப் படிக்கிறார்? ‘நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், என்னைத் தோற்கடித்தது இந்த நால்வர்.’ விளையாட்டே அவருக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிடுகிறது.

தோற்ற அணியிலிருந்து ஒருவரைக் கௌரவிப்பது மைதான விளையாட்டுகளிலும் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவின் இறுதிச் சுற்று எம்விபி விருது 1969-ல் தொடங்கியது. அந்த முதல் விருதே தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்ட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு தோற்ற அணியில் யாருக்கும் போகவில்லை. 2002 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி இறுதி ஆட்டத்தில் தோற்றது, தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆலிவர் கானுக்கு. அவையெல்லாம் பார்த்தவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவை. புள்ளியைக் கூட்டிப் பார்க்கும் சூத்திரம் கோல் போடாத ஒருவரை எட்டியிருக்குமா? அதற்காக மனிதக் கண்ணையும் ரொம்பப் புகழ வேண்டாம். தங்கப் பந்தை வென்ற ஒரே கோல்கீப்பர் இன்றுவரை கான்தான்.

மூன்றாவதாக, முடிச்சு. போட்டி ஆரோக்கியம் கெட்டதாக மாறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பட்டம் ஒருமுறை கிடைத்தால் அது உங்களுடையது என்று இல்லை. ரேங்க் சீசன்தோறும் கலைக்கப்படுகிறது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் டயமண்டுக்கு மேலே போனவர் சில காலம் ஆடாமல் இருந்தால் இருந்த இடமும் சரிந்துகொண்டே போகும். இது பாராட்டு இல்லை, வாடகை. காய்ச்சலாக இருந்தாலும், பரீட்சை இருந்தாலும் கட்டியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு சேர்க்கப்பட்டிருக்கிறது, 2022 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. எம்விபி திரையால் அது வருகிறது என்று நான் சொல்லமாட்டேன். அது அவ்வளவு எளிதான சமாசாரம் இல்லை. ஆனால் விட்டுவிட்டு எழுந்து போகிறவருக்கு அபராதம் போடும் வடிவமைப்பை ஆரோக்கியமானது என்று எப்படிச் சொல்வது?

ரேங்க்குக்கு இவ்வளவு மதிப்பு ஏறியதால், காசு வாங்கிக்கொண்டு அதை ஏற்றித் தரும் தொழிலும் வந்தது. தென் கொரியா அதற்கெதிராக 2018 டிசம்பரில் சட்டத்தையே திருத்தியது: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி வோன் வரை அபராதம். ஒரு பெயர்ப்பலகைக்காக நாடாளுமன்றம் வரை போக வேண்டியதாயிற்று.

மாற்று வழி உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களில் சிலர் ஏற்கெனவே செய்து பார்த்ததுதான். டீம் ஃபோர்ட்ரஸ் 2-ல், 2007-லேயே, செத்து விழுந்தவுடன் ஒரு வரி வரும்: இந்த முறை உன் பழைய சாதனையை நெருங்கிவிட்டாய், அல்லது தாண்டிவிட்டாய் என்று. ஒப்பீடு என்னோடு எனக்கு. யாரும் அதை வைத்து யாரையும் திட்ட முடியாது. ஸ்ப்ளட்டூன் 3-ல் ஆட்டம் முடிந்ததும் தரும் பதக்கங்களில் ஒன்று, கூட்டாளிகள் தாவி வந்து சேர அதிகமாகப் பயன்பட்ட ஆளுக்கு. பாதுகாப்பான இடத்தில் உயிரோடு நின்றதற்குப் பதக்கம்! அதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்தால், சப்போர்ட் ஆடுகிறவர்கள் காத்திருந்தது அதற்குத்தான். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 2012 முதலும், ஓவர்வாட்ச்சில் 2018 முதலும், கூட ஆடியவர்களே ஒருவரையொருவர் பாராட்டும் ஏற்பாடு இருக்கிறது. கூடவே நின்றவனுக்குத் தெரியும், யார் கத்தாமல் வழி சொன்னார், யார் தன் கில்லை விட்டுவிட்டுத் திரும்பி வந்து காப்பாற்றினார் என்று.

இதிலும் ஓட்டை உண்டு. நண்பர்கள் நண்பர்களுக்கே போட்டுக்கொள்வார்கள். பாராட்டு வாங்கினால் பரிசு என்று அறிவித்தால் ‘எனக்கு ஒன்று போடுங்களேன்’ என்று கெஞ்சத் தொடங்கிவிடுவார்கள். 1973-ல் படம் வரைய ஆசைப்படும் சிறு குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் பிற்பாடு தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல், வரைந்த பிறகு திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. எனவே சக ஆட்டக்காரரின் பாராட்டுக்கு விலை வைக்காதீர்கள். அல்லது எதற்கு, எப்போது வரும் என்று முன்னமே சொல்லாமல் கொடுங்கள்.

விற்பனையைப் பற்றியும் பேசிவிடுவோம், அதைச் சொல்லாமல் இந்த மடல் எழுதுவது கபடமாகிவிடும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் மியூசிக் கிட் என்ற இசைத் தொகுப்பை வாங்கியவர் ஒரு ரவுண்டின் எம்விபி ஆனால் அவருடைய இசை எல்லோருக்கும் ஒலிக்கும். மற்ற விளையாட்டுகளிலும் உடைகளும் நடனங்களும் வெற்றி அசைவுகளும் விற்கின்றன. அவற்றைக் காட்ட ஒரு மேடை வேண்டும். மேடையை எடுக்கச் சொன்னால் கணக்குப் பிரிவு ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். எடுக்க வேண்டாம். வென்ற அணி முழுவதையும் ஏற்றுங்கள். ஐவரும் ஆடட்டும், ஐந்து உடையும் தெரியும். உங்களுக்கும் அதில் நஷ்டம் இருப்பதாகத் தோன்றவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். ரேங்க் ஆட்டங்களில் சூத்திரம் தேர்ந்தெடுக்கும் ஒற்றை எம்விபியை நிறுத்திவிட்டு, கூட ஆடியவர்களிடம் கேளுங்கள். தோற்ற ஆட்டத்தின் முடிவில் மற்றவர் எண்களைத் தானாக விரிக்காதீர்கள். வேண்டுகிறவர் தேடிப் போய்ப் பார்க்கட்டும், அவரவர் பழைய ஆட்டத்தோடு அவரவர் ஒப்பிட்டுக்கொள்ளட்டும். தன் எண்ணை மறைக்க விரும்புகிறவருக்கு ஒரு பொத்தான் கொடுங்கள். தனி ஆள் எண்களை ரேட்டிங்கோடு கட்டாதீர்கள். உச்சியில் இருப்பவர் ஒரு மாதம் வராமல் போனால் அவர் இடத்தைப் பிடுங்காதீர்கள். திரும்பி வந்து ஆடும்போது தோற்றால் தானே இறங்கிவிடுவார். உலகத்தின் முதல் நூறு பேர் பட்டியல் இருக்கட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது தானாக முன்வந்து ஏறுகிறவர்களின் களம். வேலை முடிந்து வந்து இரண்டு ஆட்டம் ஆடுகிறவரை ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துவதுதான் வேண்டாம் என்கிறேன்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரே ஒரு மோடில், ஒரே ஒரு சீசன் செய்து பாருங்கள். ரிப்போர்ட்டுகள், சாட்டில் வரும் வசவுகள், பாதியில் வெளியேறுகிறவர்கள், சப்போர்ட் இடத்தை ஆட்களே விரும்பி எடுப்பது, இவை எல்லாவற்றின் கணக்கும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. முன்பும் பின்பும் வைத்துப் பார்த்து, வந்த முடிவு எதுவானாலும் அதை எங்களுக்கும் வெளியிடுங்கள். நான் சொன்னது தவறு என்று வந்தாலும் சரி.

இப்படிக்கு,
பின்வரிசையில் நிற்கும் ஒரு சப்போர்ட் ஆட்டக்காரன்