காப்பீட்டு அட்டை வேறு, உரிமை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவத்தை எல்லோருக்கும் உரிமை என்று சட்டம் போட்டால் கஜானா தாங்குமா என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கு அவ்வளவு பொருளாதாரம் தெரியாது. திருவட்டாறு பக்கம் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவன், பார்த்ததைச் சொல்கிறேன்.

போன மார்கழியில் ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் என் தங்கை கணவருக்கு நெஞ்சுவலி. மணி ஐந்துகூட ஆகவில்லை. தலையில் கட்டிய லைட்டோடு ஆட்டோவில் ஏற்றி, பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத் தங்கை நீட்டினாள். "இது இங்க எடுக்காது அக்கா, இருபதாயிரம் கட்டிட்டு அட்மிஷன் போடுங்க" என்றது கவுண்டரில் இருந்த பிள்ளை. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த ஆஸ்பத்திரி திட்டத்திலேயே இல்லை. தங்கை கழுத்துச் செயினைக் கழற்றிவிட்டாள். அடகுக்கடை திறக்க ஒன்பதரை ஆகுமே! 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அட்டையும் கேட்கவில்லை, பைசாவும் கேட்கவில்லை. நாங்கள் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தது வேறு கதை. ஆள் பிழைத்துவிட்டார்.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும், அட்டை இருக்கிறதா என்று பாராமல் இலவச சிகிச்சை தருகிறது 2021-இல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் பைக்கில் விழுந்தவருக்கு ஒரு நியாயம், ரப்பர் மரத்தடியில் விழுந்தவருக்கு ஒரு நியாயமா?

அட்டைக்கும் குடும்பத்தின் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம். இன்றைய கூலிக்குக் கொத்தனாரின் கையாள்கூட அதைத் தாண்டிவிடுவார். கஜானாவைப் பற்றிக் கவலைப்பட்டவருக்கு ஒன்று: காப்பீட்டுக்கான பிரீமியத்தை இப்போதும் அதே கஜானாதான் கட்டுகிறது.

நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் இது. அது தர்மம், கிடைத்தால் கும்பிடலாம், கிடைக்காவிட்டால் கேட்க முடியாது. கேட்க முடியும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்த மேற்கு வங்கத் தொழிலாளி ஒருவரை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லையென்று திருப்பியனுப்பிய வழக்கு அது. அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமை மீறப்பட்டது என்று சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்க வைத்தது. ஆனால் அது அரசு ஆஸ்பத்திரிகள் மேல் வந்த தீர்ப்பு. தனியார் கவுண்டரிலும் முன்பணம் கேட்காமல் அவசர சிகிச்சை கிடைக்க ராஜஸ்தான் 2023-இல் சட்டமே போட்டது. டாக்டர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். செலவை அரசு உடனுக்குடன் திருப்பித் தருமா என்ற அவர்கள் பயத்தைத் தப்பென்று சொல்லமாட்டேன். அதற்கும் வழி எழுதி, தமிழ்நாடும் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும்.

தங்கை இப்போது மாதச் சீட்டில் சேர்ந்திருக்கிறாள். இருபதாயிரம் வந்ததும் அந்த பிளாஸ்டிக் கவரில், அட்டைக்குப் பக்கத்திலேயே வைக்கப் போகிறாளாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.