ஒரு பூஜ்யம் குறைந்ததால் வந்த வினை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பம்ப்செட் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையில் ‘1 கிகா ஓம் என்பது 100 மெகா ஓம்’ என்று அச்சாகியிருந்தது. 1000 மெகா ஓம் என்று இருக்க வேண்டும். அச்சுப்பிழைதானே என்று விட்டுவிட முடியவில்லை. அந்தப் பிழை என் பட்டறைக்கே வந்துவிட்டது.

பல்லடம் பக்கத்தில் 26 வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். மழையில் கிணறு நிரம்பி மூழ்கிப்போன 5 எச்.பி. மோட்டார் ஒன்று வந்தது. கழற்றி, உள்ளே பல்பு போட்டு இரண்டு நாள் காயவைத்து, வார்னிஷ் கொடுத்து, 500 வோல்ட்டில் மெக்கர் போட்டுப் பார்த்தேன். காயிலிலிருந்து கரண்ட் பாடிக்குக் கசியாமல் இன்சுலேஷன் எவ்வளவு தடுக்கிறது என்று ஓம் கணக்கில் அளக்கும் கருவி அது. ஓம் கூடுதலாக இருந்தால் நல்லது. டிஜிட்டல் மெக்கர் 0.02 கிகா ஓம் காட்டியது. “20 மெகா இருக்கு, காயில் மாத்த வேண்டியதில்லை, எடுத்துட்டுப் போங்க” என்றேன். மோட்டார்காரரின் மகன் பாலிடெக்னிக் படிக்கிறவன். உங்கள் இதழை எடுத்து விரித்தான். “கிகாவுக்கு 100னா இது 2 மெகாதானே வருது? கொறஞ்சது 5 இருக்கணும்னு இதுலயே போட்டிருக்கு. அப்புறம் எப்படிண்ணே நல்லாருக்குன்னு சொல்றீங்க?” அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அவன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, 26 வருடத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பரணில் கிடந்த பழைய கைமெக்கரை இறக்கினேன். அதில் கிகா கிடையாது, மெகா ஓம் மட்டும்தான். ஒரு வயரைக் காயிலிலும் இன்னொன்றைப் பாடியிலும் மாட்டி, பையனையே கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். முள் ஆடி ஆடி 20க்குப் பக்கத்தில் போய் நின்றது. மோட்டாரை எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் “புக்குல தப்பாவா போடுவாங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் பெரியவர் வண்டி ஏறினார்.

தப்பு எங்கே நடந்திருக்கும் என்று யோசித்தேன். மெகா என்றால் 10 லட்சம். கிகா என்றால் 100 கோடி. அந்த 100 கோடியில் 100ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. 100 கோடியை 10 லட்சத்தால் வகுத்தால் 1000. அதற்கு மேலே டெரா, லட்சம் கோடி ஓம். அதுவும் கிகாவைப்போல் 1000 மடங்கு. கிலோவில் தொடங்கி டெரா வரை ஒவ்வொரு படிக்கும் ஆயிரம்தான், 100 எங்கேயும் வராது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர் கண்ணில் படாமல் எப்படி அச்சுக்குப் போனது என்பதுதான் என் வருத்தம்.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கேபிள் பற்றிய கட்டுரையில் இன்சுலேஷனுக்கும் ‘எம் ஓம்’, ஜாயிண்டுக்கும் ‘எம் ஓம்’ என்று போட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் பெரிய எம் மெகா, சின்ன எம் மில்லி. தமிழில் எழுத்துக்குப் பெரிசு சின்னது ஏது? இரண்டுக்கும் நடுவே 100 கோடி மடங்கு வித்தியாசம். முழுசாக மெகா, மில்லி என்றே போடுங்கள் என்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. கரண்ட் பில் பற்றிய கேள்வி பதிலில் 1 யூனிட் என்றால் 1 கிலோவாட் என்று வந்தது. ஒரு மணி நேரம் என்பதையே காணோம். போன் செய்து சொன்னேன், குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். சினிமாக்காரர் பெயரில் ஓர் எழுத்து மாறினால் அடுத்த இதழிலேயே வருத்தம் தெரிவிக்கிறீர்கள். நாங்களும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

உங்கள் தொழில் பக்கங்களை வருடா வருடம் பைண்ட் செய்து பட்டறையில் வைத்திருக்கிறேன். வேலை பழக வரும் பையன்களுக்கு அதைத்தான் முதலில் கொடுக்கிறேன். இப்போது அந்த 100ஐப் பேனாவால் அடித்து 1000 ஆக்கி வைத்திருக்கிறேன். மற்ற வீடுகளில் இருக்கும் பிரதிகளை யார் திருத்துவது?

அடுத்த இதழில் அதே பக்கத்தில், கட்டம் கட்டி, ‘1 கிகா ஓம் = 1000 மெகா ஓம். சென்ற இதழில் வந்தது தவறு’ என்று கண்ணில் படும் எழுத்தில் போடுங்கள். குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். அதை வெட்டி அந்தப் பையன் கையில் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பல்லடம்.