கல்லில் பொறிக்கும் முன் மூலப்படத்தைப் பாருங்கள்: நினைவுச்சுவர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போர் நினைவுச்சுவருக்கான பழைய படங்களைத் தேடித் தொகுத்து, கிரானைட்டில் பொறிப்பதற்கு ஏற்பச் செப்பனிடும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மங்கலான முகங்களைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் தெளிவாக்கி ஒப்படைக்க வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் எடுத்த முடிவைத் தாங்கள் கைவிட வேண்டும். காப்பகத்தில் இருக்கும் மூல நெகட்டிவ்களை (கேமராவில் முதலில் பதிவான படச்சுருள்களை) ஸ்கேன் செய்யக் குழுவின் பெயரில் அனுமதி பெற்றுத்தர வேண்டும்.

காயமுற்றவரைத் தூக்குப் படுக்கையில் நால்வர் சுமந்து செல்லும் படத்தைத் தாங்கள் அனைவரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தீர்கள். என்னிடம் தரப்பட்ட பிரதி 600 பிக்சல் அகலமும் 400 பிக்சல் உயரமும் கொண்டது. அதைச் சுவரில் ஆறடி உயரத்துக்குப் பெரிதாக்கினால், ஓர் அங்குலத்துக்கு ஆறு பிக்சல்கூடத் தேறாது. பின்னால் வருபவர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். அவருடைய கண்கள் அந்தப் பிரதியில் சில சாம்பல் புள்ளிகள் மட்டுமே. மென்பொருள் அந்தப் புள்ளிகளுக்குள் எதையும் கண்டுபிடிப்பதில்லை. வேறு எண்ணற்ற முகங்களிலிருந்து கற்றதைக் கொண்டு ஒரு முகத்தை இட்டு நிரப்புகிறது. ஒரு முறை இயக்கியபோது ஒரு முகம் வந்தது, அமைப்பைச் சற்று மாற்றியதும் வேறொரு முகம் வந்தது, இரண்டுமே அவருடையவை அல்ல. இவற்றில் எதைப் பொறிப்பது என்று குழுக் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் ஒருநாள் அந்தச் சுவரின் முன் வந்து நிற்கக்கூடும் என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் நினைத்துப் பார்க்காதது எனக்கு ஆழ்ந்த வேதனை அளித்தது.

நான்குக்கு ஐந்து அங்குல நெகட்டிவ் ஒன்றை 2,400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 2,400 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் 9,600க்கு 12,000 பிக்சல் கிடைக்கும். கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் தயங்காமல் நிதி ஒதுக்கிய குழு, ஸ்கேன் கட்டணத்துக்குப் பணமும் ஒரு கையொப்பத்துக்குக் காலமும் இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

படத்தைச் செப்பனிடுவதையே நான் எதிர்க்கவில்லை. வாஷிங்டனில் 1995-இல் திறக்கப்பட்ட கொரியப் போர் நினைவகத்தின் 41 கிரானைட் பலகைகளில், காப்பகத்திலிருந்து எடுக்கப்பட்ட 2,400க்கும் மேற்பட்ட படங்களின் உருவங்கள், ஒளியும் அளவும் கணினியில் சீராக்கப்பட்ட பிறகே பொறிக்கப்பட்டன. மெருகேற்றிய கருங்கல்லில் மணல் வீசிச் செதுக்கிய இடம் வெளிறித் தெரியும், செதுக்காத இடம் கருமையாகவே நிற்கும் என்பதால், கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட நடுத்தரச் சாயல்களைப் பிரித்தெடுக்காமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது. ஆனால் இருக்கும் ஒளியைச் சீராக்குவது வேறு, இல்லாத முகத்தை உருவாக்குவது வேறு.

ஜப்பானின் இவோ ஜிமா தீவில் 1945-இல் ஜோ ரோசந்தால் என்ற புகைப்படக்காரர் எடுத்த, அமெரிக்க வீரர்கள் கொடியேற்றும் படத்தையும் எண்ணிப்பாருங்கள். ஆர்லிங்டனில் உள்ள வெண்கலச் சிலைக்கு அடிப்படையான அந்தப் படத்தில் இருப்பவர்கள் யார் என்ற பட்டியலை அமெரிக்க ஆயுதப்படைகளில் ஒன்றான மரீன் கார்ப்ஸ் 1947, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்த நேர்ந்தது. பிந்தைய இரு திருத்தங்களுக்கும், அதே நாளில் எடுக்கப்பட்ட மற்றப் படங்களில் தெரிந்த உடை, தளவாட நுணுக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தது பெரிதும் உதவியது. நாம் மென்பொருளால் மழித்துவிடப்போவது அத்தகைய நுணுக்கங்களைத்தான்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காப்பகத்துக்கான விண்ணப்பத்தில் கையொப்பமிடுங்கள். ஸ்கேன்கள் வந்து சேரும்வரை அந்தப் பலகைகளைச் செதுக்கும் பணியை நிறுத்திவையுங்கள். நெகட்டிவ் கிடைக்காத படங்களைச் சுவரில் சிறிய அளவில், அவற்றின் மங்கலோடே வைக்க அனுமதியுங்கள். அதற்கேற்பச் சுவரின் வடிவமைப்பு வரைபடத்தை மாற்றித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
படத் தொகுப்புப் பொறுப்பாளர்