பச்சைப் பைக்காரிக்கு

அன்புள்ள தோழிக்கு,

எட்டு மாதமாக நான் கடிதம் போடவில்லை என்று நீ திட்டியதெல்லாம் உன் அண்ணன் வழியாக ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தது. தப்பு என்னுடையதுதான். உன் பிறந்தநாளைக்கூட ரெண்டு வரிச் செய்தியோடு முடித்துக்கொண்டேன், மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தது. சின்னவன் இன்னும் நகம் கடிக்கிறான். அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அப்பா எப்படி இருக்கிறார்? இதைக் கடைசியில் மறுபடி கேட்பேன்.

சில மாதம் முன்னால் அடித்த காற்றில் எங்களுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஆடிப்போய்விட்டேன். நாலு வருஷம் முன்னால் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு அவசரப் பை கட்டிப் பரண்மேல் ஏற்றி வைத்தேனே, உனக்குக்கூடப் போட்டோ அனுப்பினேனே, அதை நம்பித்தான் நிம்மதியாக இருந்தேன். முதல் ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். டார்ச்சின் மூடி திருக வரவில்லை. துணி சுற்றித் திருகினால், உள்ளே பேட்டரி ஒழுகி, உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்து, ஸ்பிரிங் பச்சை பிடித்துக் கிடந்தது. வெறுங்கையால் தொட்டுவிடாதே, அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும். மாத்திரைகள் காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. சின்னவனுக்கென்று எடுத்து வைத்த சட்டை அவன் முழங்கையைத் தாண்டவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கரண்ட் போனால் இருட்டு என்றுதான் நமக்குத் தோன்றும். தண்ணீர் போகும் என்று தோன்றாது. மோட்டார் ஓடாமல், மறுநாள் காலையில் மேல்தொட்டி காலி. வீட்டில் இருந்தது நாலு குடமும் ஒரு வாளியும். ஆள் ஐந்து பேர். குடிக்க, சமைக்க, முகம் கை கழுவ எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். ஐந்து பேருக்கு மூன்று நாள் என்றால் 60 லிட்டர். கழிப்பறைக்கு ஊற்றுவது இதில் சேராது, அதுதான் வாளி வாளியாகக் குடிக்கிறது. பெரியவள் முகம் கழுவிய தண்ணீரைத் தானாகவே பேசினில் பிடித்து வைத்தாள். நான் சொல்லித் தரவில்லை.

அப்புறம் ஜெனரேட்டர் சமாசாரம். ரெண்டாம் நாள் கீழ்வீட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியிலேயே ஓட விட்டார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். உனக்குத் தெரியும், நான் சண்டைக்காரி இல்லை. ஆனால் அதன் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது; தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்துத் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வீட்டுக்குள்ளே, படிக்கட்டில், கார் ஷெட்டில் எங்கேயும் வைக்கக்கூடாது. கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்தவெளியில்தான் வைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்றார்கள். போதாது என்று நான் விடவில்லை. கடைசியில் காம்பவுண்டு ஓரத்துக்குத் தள்ளினார்கள். இப்போது அந்த அம்மா என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

அந்த ராத்திரி படுத்துக்கொண்டு உன் பச்சைப் பையை நினைத்தேன். ஹாஸ்டலில் எத்தனை கேலி பண்ணியிருப்போம்! ஆனால் யாருக்கு என்ன அறுந்தாலும், கிழிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் உன் கட்டிலுக்குத்தானே ஓடி வந்தோம். வார்டனே வந்தாரே, அந்தக் கயிறு கேட்டு. அது ஏன் ஒரு நாளும் கைவிடவில்லை என்று இத்தனை வருஷம் கழித்துப் புரிகிறது. நீ அதற்குள் தினமும் கை விட்டாய். தீர்ந்ததை அன்றைக்கே போட்டாய். என் பையைத்தான் நாலு வருஷமாக யாரும் திறக்கவில்லை.

அதனால் பையைப் பிரித்துவிட்டேன். டார்ச் இப்போது சாமான் அறைக் கதவில் தொங்குகிறது, அங்கே தினமும் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். பேட்டரி மங்கினால் அன்றைக்கே தெரிந்துவிடும். சாப்பாட்டுச் சாமானில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடுவதையே ஒன்று கூடுதலாக வாங்குகிறேன். புதுசு பின்னால் போகும், பழசு முன்னால் வரும், தேதியை மார்க்கரில் பெரிசாக எழுதுவது சின்னவன் வேலை. ஜப்பானில் இதை ரோலிங் ஸ்டாக் என்று சொல்லி வீடுகளில் பழகச் சொல்கிறார்கள். அங்கே 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி பெரிய நிலநடுக்கம் வந்தது மதியச் சமையல் நேரத்தில். அடுப்புத் தீ பரவி, இறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தீயில்தான் போனார்கள். 1960-இல் அந்தத் தேதியைப் பேரிடர் தடுப்பு நாளாக அறிவித்தார்கள்; அன்றைக்கு நாடு முழுக்கப் பயிற்சி நடக்கிறது.

நாங்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெயினை ஒரு மணி நேரம் அணைத்துவிடுகிறோம். முதல் தடவையே ஒரு விஷயம் வெளிப்பட்டது. வீட்டுக்குத் தண்ணீர் வருகிற மெயின் வால்வை மூடலாம் என்று போனால், அது அசையவே இல்லை. இவர் ரெண்டு கையாலும் முக்கிப் பார்த்தார். வருஷக்கணக்காகத் திருப்பாமல் உள்ளேயே இறுகிப்போயிருக்கிறது. குழாய் வெடித்திருந்தால் வீடு மிதந்திருக்கும். பிளம்பரை வைத்து மாற்றினோம். இப்போது மாதம் ஒரு தடவை மூடித் திறக்கிறோம். பெரியவள் கண்ணைக் கட்டிக்கொண்டு காஸ் சிலிண்டரை மூடுகிறாள். காஸ் வாசனை வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, ஜன்னல் கதவைத் திற, வெளியே வா என்று அவள் சின்னவனுக்கு மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். அந்த காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும் என்றும் சேர்த்துச் சொல்கிறாள். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதே, அடுப்பை அணைத்து மூடியைப் போடு என்பதைச் செய்தே காட்டினோம், தீ இல்லாமல்தான். பயமுறுத்துகிறோமோ என்று இவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. பிள்ளைகள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது அப்பா விஷயம். நாலாவது மாடி, லிஃப்ட் நின்றால் அவரால் இறங்க முடியாது, நீ வேலைக்குப் போனால் ராத்திரிதான் திரும்புகிறாய். இதை நினைத்துத்தான் இந்தக் கடிதமே. அவருடைய மருந்து ஒரு வாரத்துக்காவது கூடுதலாகக் கையில் இருக்கிறதா? அத்தையைப் போல அவருக்கும் இன்சுலின்தானே. திறக்காத பிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர் தாங்கும், அதற்கு மேல் நம்ப முடியாது. போட்டுக்கொண்டிருக்கிற இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நாலு வாரம்வரை வெளியே இருக்கலாம். ஆனால் அவருடைய மருந்துக்கு என்ன கணக்கு என்று டாக்டரைக் கேட்டு, பெட்டிமேலேயே எழுதி ஒட்டு. பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வை. உனக்கு யாரிடமும் கேட்கப் பிடிக்காது, தெரியும். 1995-இல் ஜப்பானின் கோபே நகர நிலநடுக்கத்தில் இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். முதலில் வரக்கூடியது பக்கத்து வீட்டுக்காரர்தான்டி, நானோ உன் அண்ணனோ இல்லை. இந்த ஒன்றிலாவது வீம்பு பிடிக்காதே.

இன்னொன்று. மூன்றாம் நாள் என் போன் செத்துவிட்டது. பக்கத்தில் போன் வாங்கி இவரைக் கூப்பிடலாம் என்றால் இவர் நம்பர் எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், பத்து இலக்கம் தெரியவில்லை. ஞாபகத்தில் இருந்தது உங்கள் பழைய வீட்டு லேண்ட்லைன் மட்டும். இப்போது ஐந்து நம்பர் மனப்பாடம், அதில் உன்னுடையதும் ஒன்று. பதில் எழுதும்போது போனைப் பார்க்காமல் என் நம்பரைக் கடைசியில் எழுதி அனுப்பு. அண்ணனைக் கேட்டு எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் மேல்கட்டில்காரி