மடித்தது மடித்தபடியே தரைக்கு வந்தது: பவுச் மாற்றிய வேலை குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், மிட்ராண்ட்

பெறுநர்: உரிமையாளர், பாராசூட் விற்பனை மற்றும் பழுதுபார்க்கும் நிலையம், ஜொகனஸ்பர்க்

பொருள்: பைலட் சூட் பவுச் மாற்றிய வேலையும் அதனுடன் தந்த மடிப்புத் தாளும்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். "மின்னஞ்சலுக்கெல்லாம் மகன்தான் பதில் போடுவான், எனக்கென்றால் தமிழில் எழுதுங்கள் தம்பி, உட்கார்ந்து வாசிக்கிறேன்" என்று போனில் சொன்னீர்கள். இந்த நாட்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயரும் இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் சொன்னதும், உங்கள் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தபோது நீங்கள்தான். அதனால், நீங்கள் மடித்துத் தந்த பாராசூட் வானத்தில் திறக்காதது பற்றிய என் புகாருக்கு மகன் அனுப்பிய பதிலுக்கு மறுப்பை உங்களுக்கே எழுதுகிறேன்.

என் ரிக்கின், அதாவது முதுகில் மாட்டும் பாராசூட் தொகுதியின், பவுச் பழசாகித் தொளதொளவென்று ஆகியிருந்தது. அந்த ஸ்பாண்டெக்ஸ் துணி பிடிப்பை இழந்தால் விமான வாசலில் நிற்கும்போதே உள்ளே இருக்கும் பைலட் சூட், அதாவது பெரிய பாராசூட்டை இழுத்துத் திறக்கும் சின்னப் பாராசூட், நழுவி வெளியே வந்துவிடலாம். அப்படி வந்தால் ஆபத்து எனக்கு மட்டுமில்லை, விமானத்தின் வாலுக்கும்தான். ஆகவே தள்ளிப்போடாமல் உங்களிடம் கொடுத்தேன். புதிய பவுச்சுக்கும் தையல் கூலிக்கும் 650 ரேண்ட். மெயினையும், அதாவது முதன்மைப் பாராசூட்டையும், நீங்களே மடித்து பாக் செய்து தர 100 ரேண்ட். ஒன்பதாம் நாள் ரிக் கைக்கு வந்தது, கூடவே "புதிய பவுச்சுக்கு இப்படி மடிக்கவும்" என்று படம் போட்ட ஒரு தாளும் வந்தது. தையலைப் பார்த்தேன், சுத்தமான வேலை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்தச் சனிக்கிழமையே ரஸ்டன்பர்க் பக்கம் ஜம்புக்குப் போனேன். அது என் 143ஆவது ஜம்ப். 11,000 அடியில் வெளியேறி, 4,000 அடியில் கையைப் பின்னால் கொண்டுபோய், பைலட் சூட்டின் கைப்பிடியான ஹாக்கியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். சுவரில் அடித்த ஆணியை இழுப்பது போல இருந்தது. இரண்டாவது தடவை, கற்றுக்கொடுத்தபடியே முழங்கையை, பாராசூட்டுகள் அடங்கிய பையான கன்டெய்னரின் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்துத் தள்ளி இழுத்தேன். இன்னும் ஓர் அங்குலம் வந்திருக்கலாம். அந்த வேகத்தில் ஆயிரம் அடி ஐந்தரை விநாடியில் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். உயரம் காட்டும் அல்டிமீட்டர் 3,000 அடிக்கும் கீழே போயிருந்தது. மூன்றாவது தடவை முயன்று பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு இடது கையால் ரிசர்வை, அதாவது அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்டை, இழுத்தேன். திறந்தது.

அதற்குப் பிறகான இரண்டு மூன்று நிமிடங்கள்தான் என்னை அதிகம் பயமுறுத்தின. ரிசர்வ் தலைக்கு மேலே விரிந்திருக்கிறது, முதுகில் மெயின் இன்னும் மூடியபடி இருக்கிறது, ஹாக்கி பாதி வெளியே தொங்குகிறது. இப்போது அது தானாக வெளியே வந்தால் இரண்டு பாராசூட்டும் ஒன்றாக விரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளலாம். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து அதை அழுத்திப் பிடித்தபடியே ஒற்றைக் கையால் திருப்பித் திருப்பி இறங்கினேன். இறங்கியபின் இரண்டு மணி நேரம் முட்புதர்களில் தேடியும் ரிசர்வை மடித்து வைத்திருந்த பையான ஃப்ரீபேக், அதோடு போன ரிசர்வின் பைலட் சூட் இரண்டும் கிடைக்கவில்லை.

உங்கள் மகன் எழுதிய பதிலில் மூன்று விஷயம் சொல்கிறார். புதிய பவுச் இறுக்கமாகத்தான் இருக்குமாம், பலமாக இழுக்க வேண்டுமாம். 143 ஜம்ப் என்பது அனுபவமே இல்லையாம். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தில் எல்லாப் பொறுப்பும் என்னுடையது என்று இருக்கிறதாம்.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். புது பவுச் போட்ட ரிக்கைத் தரையிலேயே மாட்டிக்கொண்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. விமானத்தில் ஹாக்கியை மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன், ஆனால் தொட்டுப் பார்ப்பது வேறு, இழுத்துப் பார்ப்பது வேறு. இன்னொருவர் கூலிக்குச் செய்த பாக்கிங்கைக் கலைக்க மனம் வரவில்லை. இதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பலமாக இழுக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நடந்ததில் ஒரே ஒரு நல்லது, மெயின் திறக்காததால் உங்கள் கடையில் மடித்தது மடித்தபடியே தரைக்கு வந்துவிட்டது. நான் தொடவில்லை. அங்கிருந்த மூத்த பயிற்சியாளரை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே திறந்தோம். முதலில், ரிக்கை நான் முதுகில் மாட்டிக்கொண்டு குப்புறப் படுக்க, அவர் ஹாக்கியில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்தார். முள் 15 கிலோவைத் தொட்ட பிறகுதான் வெளியே வந்தது. ரிசர்வ் கைப்பிடிக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் உச்சவரம்பே 22 பவுண்டு, அதாவது சுமார் 10 கிலோ. மெயின் பவுச்சுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று மகன் சொல்வார், சரிதான். ஆனாலும் மணிக்கு 200 கிலோமீட்டர் காற்றில், முதுகுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒற்றைக் கையால் 15 கிலோவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மடிப்பைப் பார்த்தோம். பைலட் சூட்டை உருளையாகச் சுருட்டி, அதை மெயினோடு இணைக்கும் பட்டையான பிரைடிலை அதன் மேலே நான்கு சுற்று சுற்றி, அந்த உருளையைக் குறுக்காக பவுச்சுக்குள் திணித்திருக்கிறார்கள். தடித்த பாகம் முழுக்க வாய்ப்பக்கத்தில் இருந்தது. உங்கள் தாளில் உள்ள படமும் அச்சு அசலாக இதேதான். ஹாக்கி இருப்பது பைலட் சூட்டின் உச்சியில். உச்சி முதலில் வர, மீதித் துணி அதன் பின்னால் வால் போல ஒழுகி வந்தால் இழுப்பு லேசாக இருக்கும். இங்கே உச்சியை இழுத்ததும் வெளியே சுற்றியிருந்த பிரைடில் இறுகியது, துணி ஒரு பந்தாகத் திரண்டு பவுச்சின் வாயில் அடைத்துக்கொண்டது. திணித்து வைத்த அலமாரியிலிருந்து புடவையை முந்தானையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று வரும், நடுவில் கொத்தாகப் பிடித்து இழுத்தால் அலமாரியே ஆடும், அந்தக் கதைதான்.

அதே பவுச், அதே பைலட் சூட், அதே அளவு நிறைந்த கன்டெய்னர். இந்தத் தடவை பயிற்சியாளர் மடித்தார். பைலட் சூட்டைத் தட்டையாக விரித்து, பிரைடிலைத் துணியின் நடுவில் பாம்பு போல வளைத்து வளைத்து வைத்து, இரண்டு பக்கத்தையும் அதன் மேல் மூடி, அடியிலிருந்து உச்சியை நோக்கிச் சுருட்டினார். உள்மூலை வரை விரலால் தள்ளித் தட்டையாகப் பரப்பினார். வாய்ப்பக்கத்தில் ஹாக்கியும் கொஞ்சம் துணியும் மட்டும்தான். தராசு 5 கிலோவைத் தாண்டவில்லை. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் அப்படியே. பவுச்சின் வாய்த் திசையில் பக்கவாட்டாக இழுக்காமல் மேல்நோக்கி இழுத்தால் எவ்வளவு கூடும் என்றும் பார்த்தோம். கூடியது, ஆனால் 15க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. என் கையின் திசையைக் குறை சொல்வதற்கும் இடமில்லை.

நியாயத்துக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்தபின் பைலட் சூட்டை மடக்கும் கயிறான கில் லைன் சரியாக இழுத்து வைக்கப்பட்டிருந்தது, கன்டெய்னரை மூடி வைக்கும் ஊசியும் (பின்) க்ளோசிங் லூப்பும் சரியாகவே இருந்தன. உங்கள் ஆள் அக்கறையில்லாதவர் இல்லை. தாளில் இருந்ததை நம்பிச் செய்திருக்கிறார். தாள்தான் தப்பு.

படிவம் பற்றி: இந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008இன் 68ஆம் எண் சட்டம், 57ஆம் பிரிவில் பழுதுபார்க்கும்போது போட்ட புதிய பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. பாகம் நல்ல பாகம்தான் என்று நீங்கள் சொல்லலாம். 54ஆம் பிரிவு வேலையின் தரத்தைப் பேசுகிறது. 61ஆம் பிரிவு, பொருளோடு தரும் வழிமுறையோ எச்சரிக்கையோ போதாமல் நஷ்டம் வந்தாலும் கொடுத்தவரைப் பொறுப்பாக்குகிறது. உங்கள் தாள் அந்த இடத்தில்தான் நிற்கிறது. இதைப் படித்துவிட்டு வழக்கு போடக் கிளம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் படிவத்தைக் காட்டி அடுத்த பதிலும் வந்தால், நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போவேன்.

கேட்பது இவ்வளவு: ரிசர்வைத் திரும்ப பாக் செய்த செலவு 1,150 ரேண்ட், தொலைந்த ஃப்ரீபேக், ரிசர்வ் பைலட் சூட் இரண்டுக்கும் 5,900 ரேண்ட், பவுச் வேலைக்குக் கொடுத்த 650 ரேண்ட், மொத்தம் 7,700 ரேண்ட். பாக்கிங்குக்கான 100 ரேண்டைக் கேட்கவில்லை. அந்த மடிப்பு கலையாமல் வந்ததால்தான் எனக்குச் சாட்சி கிடைத்தது, அந்தக் காசு வீண்போகவில்லை.

பணத்தைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அந்தத் தாளை இன்றே நிறுத்துங்கள். பவுச் மாற்றி, இதே தாளோடு வாங்கிப்போன எல்லோருக்கும் போன் செய்யுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், வாரக் கடைசிக்குள் எல்லோரும் பார்த்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களில் ஒருவர் என்னைப் போல ரிசர்வுக்குப் போகாமல் மூன்றாவது தடவையும் நான்காவது தடவையும் முயன்றுகொண்டே இருக்கலாம்.

வீடியோவும் பில்களும் இணைத்திருக்கிறேன். வரும் வியாழன் மாலை ஐந்து மணிக்கு ரிக்கோடு கடைக்கு வருகிறேன். தராசையும் நானே கொண்டுவருகிறேன். மகன் தாளைப் பார்த்து மடிக்கட்டும், நான் மாட்டிக்கொண்டு படுக்கிறேன், இழுப்பது நீங்களாக இருங்கள் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மிட்ராண்ட்